பின்னல் கேள்வி–பதில்: பரிசாக வந்த நூலில் தொப்பி வைத்த ஸ்வெட்டர்

அமெரிக்காவிலிருந்து வந்த என் நாத்தனார் நான்கு சிட்டம் உல்லன் நூல் கொடுத்தார். ‘வொர்ஸ்டெட், 100 கிராம், 201 மீட்டர், ஊசி 8’ என்று சீட்டில் இருக்கிறது. எட்டு வயது மகளுக்குத் தொப்பி வைத்த ஸ்வெட்டர் பின்ன இது போதுமா? எப்படி ஆரம்பிப்பது?
— வாசகி, குன்னூர்

போதும். ஆனால் அளந்து பார்த்துவிட்டுத்தான் ஊசியைத் தொட வேண்டும். கடையில் வாங்கிய நூல் தீர்ந்தால் இன்னொரு உருண்டை வாங்கிக்கொள்ளலாம். பரிசாக வந்த நூலுக்கு அந்த வசதி கிடையாது.

சீட்டில் உள்ள ‘வொர்ஸ்டெட்’ என்பது நடுத்தரத் தடிமன் நூலின் பெயர். முதலில் ஊசி. சீட்டில் இருக்கும் 8 அமெரிக்க எண். அது 5 மில்லிமீட்டர் ஊசி. நம் கடைகளில் புழங்குவது பழைய பிரிட்டிஷ் எண். அதில் 8ஆம் நம்பர் என்றால் 4 மில்லிமீட்டர்தான். அமெரிக்க வரிசையில் எண் கூடக்கூட ஊசி தடிக்கும், நம் வரிசையில் எண் கூடக்கூட ஊசி மெலியும். 8 என்று கேட்டு வாங்கி வந்தால் துணி அட்டைபோல விறைப்பாக வரும், நூலும் கூடுதலாகச் செலவாகும். எண்ணைப் பார்க்காமல் மில்லிமீட்டரைப் பாருங்கள். இந்த நூலுக்கு உடல் பின்ன 4.5 மி.மீ. (நம் 7ஆம் நம்பர்), ரிப் (ஓரங்களில் வரும், இழுபடும் கோட்டுப் பின்னல்) பின்ன 3.75 மி.மீ. (9ஆம் நம்பர்) சரியாக இருக்கும்.

சிட்டத்திலிருந்து நேராகப் பின்னாதீர்கள். இரண்டாவது வரிசை முடிவதற்குள் சிக்கல் விழும். ஒருவர் இரண்டு கைகளிலும் சிட்டத்தை விரித்துப் பிடிக்க, மற்றவர் உருண்டையாகச் சுற்ற வேண்டும். ஆள் இல்லையென்றால் நாற்காலி முதுகில் மாட்டிக்கொள்ளலாம். இறுக்கிச் சுற்றினால் நூல் இழுபட்டு நிற்கும். பின்னித் துவைத்த பிறகு சுருங்கும். நான்கு விரலை உள்ளே வைத்துச் சுற்றி, அவ்வப்போது விரலை உருவிவிடுங்கள்.

அடுத்து மாதிரித் துண்டு. 4.5 ஊசியில் 32 கண்ணி ஏற்றி, ஒரு வரிசை நிட் (நேர்ப்பின்னல்), ஒரு வரிசை பர்ல் (எதிர்ப்பின்னல்) என்று 44 வரிசை பின்னி, துவைத்துக் காயவைத்த பிறகு அளக்க வேண்டும். துவைக்காத துண்டின் அளவை நம்ப வேண்டாம். நடுப்பகுதியில் 10 செ.மீ. அகலத்துக்கு 20 கண்ணி, 10 செ.மீ. உயரத்துக்கு 28 வரிசை வந்தால் கீழே தரும் கணக்கு அப்படியே பொருந்தும். 22 கண்ணி வந்தால் ஊசியை 5 ஆக்குங்கள். 18 வந்தால் 4 ஆக்குங்கள். பர்ல் வரிசையைத் தளர்வாகப் பின்னும் பழக்கம் பலருக்கு உண்டு. அவர்களுக்கு வட்டமாகப் பின்னும்போது துணி சற்று இறுகும். அதனால் உடலை வட்டத்தில் 5 செ.மீ. பின்னியதும் ஒருமுறை மறுபடி அளந்துகொள்ளுங்கள்.

இப்போது அந்தத் துண்டைச் சமையலறைத் தராசில் வையுங்கள். நூல் போதுமா என்று இதுதான் சொல்லும். 15க்கு 15 செ.மீ. துண்டு என்றால் பரப்பு 225. அது 11 கிராம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். எட்டு வயதுக் குழந்தையின் மார்பளவு சுமார் 67 செ.மீ.; உள்ளே சட்டை போட்டு வசதியாக இருக்க ஸ்வெட்டர் 78 செ.மீ. சுற்றளவு வேண்டும். நீளம் 46. ஆக உடல் 78 × 46 = 3588. கை நீளம் 32, சராசரி அகலம் 24, இரண்டு கைக்கும் 1536. தொப்பி 48 × 30 = 1440. மொத்தம் 6564. இதை 225 ஆல் வகுத்து 11 ஆல் பெருக்கினால் 321 கிராம். ரிப், ஓரம், முடிச்சு, பிழை எல்லாவற்றுக்குமாக 15 சதவீதம் சேர்த்தால் சுமார் 370. உங்களிடம் 400 இருக்கிறது. துண்டு 13 கிராம் காட்டினால் தேவை 435ஐத் தாண்டிவிடும். அப்போது அடிவிளிம்பு, மணிக்கட்டு ரிப்புகளை வேறு நிறத்தில் போடத் திட்டமிடுங்கள். பாதியில் நூல் தீர்ந்து வேறு நிறம் ஒட்டுவதைவிட முன்கூட்டியே முடிவு செய்தது அழகாக இருக்கும்.

தொப்பிக்கு மட்டும் 70 கிராம் போகிறது பாருங்கள், ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். பலர் கழுத்தோடு முடியும் ஸ்வெட்டரின் கணக்கில் ஆரம்பித்துவிட்டு, தொப்பிக்கு வரும்போது கைவிரிக்கிறார்கள். 80 கிராமைத் தனியாகச் சுற்றி, ஒரு பையில் போட்டு ஓரமாக வைத்துவிடுங்கள்.

எண்ணிய நூலுக்கு மேலிருந்து கீழே பின்னும் ராக்லன் முறைதான் (கழுத்திலிருந்து அக்குள் வரை சாய்வாகக் கை சேரும் முறை) ஏற்றது. நீளத்தைக் கடைசியில் முடிவு செய்யலாம். வட்ட ஊசியில் 76 கண்ணி ஏற்றி, முன்பக்கம் 14, கை 10, முதுகு 28, கை 10, முன்பக்கம் 14 என்று பிரித்து, நான்கு பிரிவிடங்களில் அடையாள வளையம் மாட்டுங்கள். வளையத்துக்கு இரு புறமும் ஒவ்வொரு கண்ணி, ஒன்றுவிட்டு ஒரு வரிசையில் கூட்ட வேண்டும். ஒவ்வொரு முறையும் 8 கண்ணி கூடும். முதல் 28 வரிசையை வட்டமாக இணைக்காமல் போய்த் திரும்பிப் பின்னுங்கள். கழுத்துக்குக் கீழே 10 செ.மீ. திறப்பு கிடைக்கும், தலை சுலபமாக நுழையும். திறப்பின் ஓரம் சுருளாமல் இருக்க இரு முனையிலும் 3 கண்ணிகளை எல்லா வரிசையிலும் நிட்டாகவே போடுங்கள். அதன்பின் இணைத்து வட்டமாகத் தொடருங்கள். 22 முறை கூட்டியதும் முன் 72, முதுகு 72, கைகள் 54 வீதம் மொத்தம் 252 இருக்க வேண்டும். கூட்டாமல் இன்னும் 6 சுற்று. மேலிருந்து சுமார் 18 செ.மீ. ஆகியிருக்கும்.

கைக் கண்ணிகளை வேறு நிற நூலில் கோர்த்து நிறுத்திவிட்டு, இரு அக்குளிலும் புதிதாக 6 கண்ணி ஏற்றினால் உடல் 156 கண்ணி, அதாவது 78 செ.மீ. ஒரு சுற்று மட்டும் பின்னி நிறுத்துங்கள். இந்த இடத்தில் நேரே கீழே போய்விடாமல் முதலில் தொப்பி, அடுத்து கைகள், கடைசியில் உடல் என்று வாருங்கள். மிச்சமுள்ள நூல் எவ்வளவோ அவ்வளவு நீளம் உடலுக்கு. தொப்பி குட்டையானாலோ கை குட்டையானாலோ உடனே தெரியும், குழந்தை போட மறுக்கும். உடல் 2 செ.மீ. குறைந்தால் யாருக்கும் தெரியாது.

கைக்கு நிறுத்திய 54உடன் அக்குளில் 6 எடுத்தால் 60. அக்குளின் இரு மூலைகளிலும் ஓட்டை விழுவது வழக்கம். மூலைக்கு ஒரு கண்ணி கூடுதலாக எடுத்து, அடுத்த சுற்றில் பக்கத்துக் கண்ணியோடு சேர்த்துப் பின்னிவிட்டால் ஓட்டை மூடும். ஆறு சுற்றுக்கு ஒருமுறை 2 கண்ணி குறைத்து, 12 முறையில் 36க்கு வாருங்கள். பிறகு 3.75 ஊசியில் 6 செ.மீ. ரிப். இரண்டு கைக்கும் சுற்றுகளை எழுதி வைத்து எண்ணுங்கள். டேப்பில் அளந்தால் ஒரு கை நிச்சயம் நீண்டுவிடும். உடலை நேராக 23 செ.மீ. பின்னி 5 செ.மீ. ரிப் போட்டுத் தளர்வாக முடியுங்கள்.

தொப்பியை மடித்துத் தைத்தால் உச்சியில் கூம்பாக நிற்கிறது. போட்டுக்கொண்டால் பின்னால் நழுவுகிறது, கழுத்தின் முன்பக்கம் தொண்டையை அழுத்துகிறது. எங்கே தவறு?
— வாசகி, கொடைக்கானல்

மூன்றுக்கும் மூன்று காரணம்.

கூம்பு வருவதற்குக் காரணம் நீள்சதுரம். நேராகப் பின்னி மடித்துத் தைத்தால் பின்மூலை 90 பாகையில் கூராக நிற்கத்தான் செய்யும், தலையோ உருண்டை. முன் கேள்வியின் அளவில், கழுத்தில் 76 கண்ணி எடுத்து, இரண்டாவது வரிசையில் பின்பகுதியில் பரவலாக 20 கூட்டி 96 ஆக்குங்கள். 68 வரிசை நேராக. பிறகு நடுவில் அடையாளம் வைத்து, அதன் இரு புறமும் ஒன்றுவிட்டு ஒரு வரிசையில் ஒவ்வொரு கண்ணி குறைத்தால், 16 வரிசையில் 80 ஆகும். நாற்பது நாற்பதாக இரண்டு ஊசியில் பிரித்து, கம்பளி ஊசியால் கண்ணிக்குக் கண்ணி கோர்த்து இணையுங்கள். மேடு தெரியாது, உச்சி உருண்டு உட்காரும். கோர்க்கத் தயக்கம் இருந்தால் நல்ல பக்கங்களை உள்ளே வைத்து, மூன்றாவது ஊசியால் இரண்டிரண்டாகப் பின்னி முடிக்கலாம். உள்ளே மெல்லிய வரம்பு தெரியும், அவ்வளவுதான்.

நழுவுவதற்குக் காரணம் ஆழம் போதாமை. தலைச் சுற்றளவில் 4 செ.மீ. கழித்தால் தொப்பியின் மொத்த அகலம், 52 செ.மீ. தலைக்கு 48. உயரத்துக்கு, கழுத்தடியில் ஒரு புறம் டேப்பை வைத்து உச்சிக்கு மேலாக மறுபுறக் கழுத்தடி வரை அளந்து, பாதியாக்கி 2.5 செ.மீ. சேர்க்க வேண்டும். குதிரைவால் போடும் பெண் என்றால் கொண்டையோடு அளக்க வேண்டும். இதை நிறையப் பேர் மறக்கிறார்கள்.

தொண்டை அழுந்துவது பிடரிப் பக்கம் உயரம் இல்லாததால். முன்னும் பின்னும் ஒரே மட்டத்தில் இருக்கும் கழுத்தைத் தொப்பியின் எடை பின்னோக்கி இழுக்கும். தொப்பிக்குக் கண்ணி எடுத்தவுடன், முதுகுப் பக்கத்து 28 கண்ணிகளில் மட்டும் போய்த் திரும்பி, ஒவ்வொரு திரும்பலிலும் 3 கண்ணி கூடுதலாகச் சென்று, 6 குறுவரிசை போடுங்கள். பின்னால் 2 செ.மீ. உயரும். திரும்பும் இடத்தில் நூலை அடுத்த கண்ணியைச் சுற்றிக் கொண்டுவராவிட்டால் அங்கே துளை விழும்.

இன்னொன்று. கழுத்துக் கண்ணிகளைத் திறந்த நிலையில் விட்டுத் தொப்பியைத் தொடரும் குறிப்புகள் நிறைய உண்டு. பார்க்க நேர்த்தியாக இருக்கும்; உழைக்காது. தொப்பியின் எடை முழுவதும் கழுத்தில் தொங்குகிறது. கண்ணிகளை முறையாக ஏற்றி, அந்த ஓரத்திலிருந்து புதிதாக எடுத்துப் பின்னுங்கள். அந்த ஓரம்தான் கழுத்து நீளாமல் பிடித்து நிற்கும்.

முகத்தைச் சுற்றிப் பட்டி வைப்பதானால் 7 வரிசைக்கு 5 கண்ணி என்று எடுங்கள். வரிசைக்கு ஒன்று எடுத்தால் பட்டி அலை அலையாக விரியும். இரண்டு வரிசைக்கு ஒன்று எடுத்தால் இழுத்துச் சுருக்கும்.

சித்தி வீட்டைக் காலி செய்யும்போது ஒரு பை நிறைய நூல் தந்தார். எதிலும் சீட்டு இல்லை. கம்பளியா, அக்ரிலிக்கா, எந்தத் தடிமன் என்று எப்படித் தெரியும்?
— வாசகர், கோத்தகிரி

ஒவ்வொன்றிலும் 5 செ.மீ. வெட்டி, இடுக்கியில் பிடித்து, எவர்சில்வர் தட்டின் மேல் எரித்துப் பாருங்கள். பக்கத்தில் தண்ணீர் இருக்கட்டும். கம்பளி தயங்கித் தயங்கி எரியும், நெருப்பை விலக்கினால் தானே அணையும், தலைமுடி கருகிய வாடை வரும், சாம்பல் விரலில் பொடியாகும். அக்ரிலிக் உருகிச் சொட்டும், ஆறினால் கறுத்த கெட்டி மணியாக நிற்கும். பருத்தி காகிதம்போல எரிந்து மெல்லிய சாம்பலாகும். கலப்பு நூலில் முடி வாடையும் வரும், கெட்டி மணியும் மிஞ்சும். உருகிய துளி தோலில் ஒட்டிக்கொள்ளும், குழந்தைகளைத் தள்ளி நிறுத்துங்கள்.

தடிமனுக்கு அளவுகோலைச் சுற்றி, இடைவெளியும் இல்லாமல் நெருக்கவும் செய்யாமல் நூலைச் சுற்றி, ஓர் அங்குலத்தில் எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். 9 வந்தால் வொர்ஸ்டெட், 11–12 வந்தால் டி.கே. (வொர்ஸ்டெட்டைவிடச் சற்று மெல்லியது), 14க்கு மேல் போனால் மெல்லிய காலுறை நூல். டி.கே. நூலுக்கு 4 மி.மீ. ஊசியில் 10 செ.மீ.க்கு 22 கண்ணி என்று தொடங்கலாம். ‘ப்ளை’ (முறுக்கிய இழை) எண்ணை மட்டும் வைத்துத் தடிமனை முடிவு செய்யாதீர்கள். ஆஸ்திரேலியச் சீட்டில் 8 ப்ளை என்பது இழை எண்ணிக்கையை அல்ல, டி.கே.யைத்தான் குறிக்கும்.

கம்பளியையும் அக்ரிலிக்கையும் ஒரே ஸ்வெட்டரில் கலக்க வேண்டாம். துவைக்கும்போது ஒன்று சுருங்கும், மற்றது சுருங்காது. உருண்டையில் நூல் அங்கங்கே துண்டு துண்டாக வந்தால் அந்துப்பூச்சியின் புழு தின்றிருக்கிறது. அந்த உருண்டையை வீட்டுக்குள் மற்ற நூலோடு வைக்காதீர்கள்.

கையால் சாயமிட்ட ஆறு சிட்டம் பரிசாக வந்தது. ஒரே நிறம் என்றார்கள், வெளிச்சத்தில் பார்த்தால் மூன்று நீலம் தெரிகிறது.
— வாசகி, டொராண்டோ

சாயத் தொட்டிக்குத் தொட்டி நிறம் மாறும். கையால் சாயமிட்டதில் ஒரே தொட்டியில் இருந்தும் மாறும். பகல் வெளிச்சத்தில் வைத்து, அடர்த்தியிலிருந்து வெளிர் வரை வரிசைப்படுத்துங்கள். எப்போதும் இரண்டு உருண்டைகளை வைத்துக்கொண்டு, இரண்டு வரிசை ஒன்றில், இரண்டு வரிசை மற்றதில் என்று மாற்றி மாற்றிப் பின்னினால் கோடு தெரியாது. ஒன்று தீர்ந்ததும் அடுத்த நெருங்கிய நிறத்தை உள்ளே கொண்டுவாருங்கள். மாற்றும் இடத்தில் நூலை இழுத்துப் பிடித்தால் அந்த ஓரம் சுருங்கும்; தளர்வாக விடுங்கள். மிக அதிகமாக வேறுபடும் சிட்டத்தைத் தொப்பிக்கு வைத்துக்கொள்ளலாம், அது முகத்துக்கு மேலே தனியாக நிற்பதால் வேண்டுமென்றே செய்தது போலிருக்கும். இரண்டு கைகளுக்கும் மட்டும் ஒரே ஜோடி உருண்டை.

மூன்று வயதுப் பையனின் தொப்பிக்கு இழுத்துக் கட்டும் கயிறு கோர்க்கலாமா?
— வாசகி, பெங்களூரு

கூடாது. சறுக்குமரத்தில் கயிறு மாட்டிக் குழந்தைகள் கழுத்து நெரிந்து இறந்திருக்கிறார்கள். ஐரோப்பியத் தரவிதி ஏழு வயதுக்கு உட்பட்டவர்களின் தொப்பியிலும் கழுத்திலும் இழுகயிற்றுக்கு இடமே தரவில்லை. காற்றுக்குத் தொப்பி நிற்க வேண்டுமென்றால் முகப்பட்டியை 3 செ.மீ. ரிப்பாக, ஓர் அளவு மெல்லிய ஊசியில் பின்னுங்கள், அதுவே பிடித்துக்கொள்ளும். கழுத்தில் ஒரு பொத்தான் வைக்கலாம், பொத்தான் தையலை ஒவ்வொரு துவைப்புக்குப் பிறகும் இழுத்துப் பாருங்கள்.

கம்பளி ஸ்வெட்டரைத் துவைத்துக் கொடியில் போட்டேன். முழங்கால் வரை நீண்டுவிட்டது. முன்பு ஒன்று சுருங்கிப் பொம்மைக்கு ஆகும் அளவாகிவிட்டது. ஏன் இப்படி?
— வாசகி, நுவரெலியா

நீண்டது பெரும்பாலும் ‘சூப்பர்வாஷ்’ நூல். கம்பளி இழையின் மேல் இருக்கும் நுண்செதில்களை மழுப்பிய நூல் அது. செதில் ஒன்றையொன்று பிடிக்காததால் சுருங்காது. அதே காரணத்தால் ஈரத்தில் வழுக்கி நீளும். கொடியில் தண்ணீர்க் கனத்தோடு தொங்கினால், அதிலும் தொப்பி சேர்ந்தால், கேட்கவே வேண்டாம். சுருங்கியது செதில் உள்ள சாதாரணக் கம்பளி. வெந்நீரும் கசக்கலும் சேர்ந்தால் செதில்கள் பின்னிக்கொண்டு கம்பளம்போல இறுகிவிடும்; அதைத் திரும்பப் பிரிக்க முடியாது. நீண்டதை மீட்கலாம். மறுபடி நனைத்து, கையால் கூட்டி அளவுக்குக் கொண்டுவந்து படுக்கையாகக் காயவையுங்கள். உலர்த்தும் இயந்திரம் இருந்தால், சீட்டு அனுமதித்தால், பாதி காயும்வரை மிதச் சூட்டில் விடலாம்.

இனி, கைபொறுக்கும் குளிர்ந்த நீரில் கொஞ்சம் ஷாம்பு கலந்து கால் மணி நேரம் ஊறவிடுங்கள். தேய்க்க வேண்டாம். தூக்கும்போது இரு கைகளாலும் அடியோடு ஏந்தி எடுங்கள். துண்டில் வைத்துச் சுருட்டி அழுத்தினால் நீர் போகும். வேறொரு துண்டில் விரித்து, தொப்பிக்குள் இன்னொரு துண்டைத் திணித்து, நிழலில் காயவையுங்கள். அக்ரிலிக்குக்கு இத்தனை பத்தியம் இல்லை. அதில் சூடான இஸ்திரிப் பெட்டியை மட்டும் வைக்காதீர்கள். பின்னல் தளர்ந்து தொளதொளவென்று ஆகும், மீளாது.

மாமியார் தன் பழைய ஸ்வெட்டரைப் பிரித்துப் பின்னிக்கொள்ளச் சொல்கிறார். நல்ல கம்பளி. முடியுமா?
— வாசகி, உதகமண்டலம்

முதலில் உள்பக்கத் தையலைப் பாருங்கள். ஓரத்தில் சங்கிலிபோல கண்ணிகள் முழுதாக இருந்தால் பிரிக்கலாம். துணியை வெட்டி ஓவர்லாக் அடித்திருந்தால் வரிசைக்கு ஒரு துண்டு நூல்தான் கிடைக்கும், விட்டுவிடுங்கள்.

தையலைப் பிரித்துத் துண்டுகளைத் தனியாக்கி, கடைசியில் முடித்த ஓரத்திலிருந்து உருவுங்கள். வரும் நூலை நாற்காலி முதுகில் சிட்டமாகச் சுற்றி, நான்கு இடத்தில் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான நீரில் அரை மணி நேரம் ஊறவைத்துக் கம்பில் மாட்டுங்கள். அடியில் ஒரு சிறு துணிப்பையைத் தொங்கவிட்டால் சுருள் நீங்கும். கனமாக எதையும் தொங்கவிட்டால் நூலின் இழுவை செத்துவிடும். முழங்கை, மணிக்கட்டுப் பகுதி நூல் தேய்ந்திருக்கும், அதைக் கழித்துவிட்டு மீதியை நிறுங்கள். பழைய ஸ்வெட்டரில் தொப்பி இல்லையென்றால், அதே அளவுக்குத் தொப்பி வைக்க இந்த நூல் போதாது. ஓர் அளவு சிறியவருக்குப் பின்னுங்கள், அல்லது தொப்பிக்கும் ரிப்புக்கும் அதே தடிமனில் புதுக் கம்பளி 100 கிராம் வாங்கிக்கொள்ளுங்கள்.